மேற்கு மூலைப் புகை

விருதுநகர்
4.6.2025

தம்பி கருத்தப்பாண்டிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. நம் வளர்பிறை கால்பந்துக் கழகத்தின் கேப்டன் செந்தூர்பாண்டிதான் எழுதுகிறேன். நாம் பேசி முப்பத்தாறு வருஷம் ஆகிறது.

போனில் பேசிவிடலாம் என்று அலைந்து திரிந்து உன் மகன் ஜெயபாண்டியின் நம்பரைப் பிடித்தேன். "அப்பாவுக்குக் காது சுத்தமாக் கேக்காதுங்க. லெட்டர் போடுங்க, வாசிப்பாக" என்றான். பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்க்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நீ. வயதானால் காது போவது உள்ளதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வத்தல் மண்டியைத் தம்பி மக்களிடம் விட்டாயிற்று. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து கால்பந்துப் புத்தகங்களாக வாங்கி வாசித்தேன். எந்த நாட்டுச் சேரியில் எவன் வெறுங்காலோடு ஆடினான், எந்தத் துறைமுகத்து ஆட்கள் கழகம் ஆரம்பித்தார்கள் என்று உலகமே அதில் இருக்கிறது. நாம் ஆடியதற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து இருபத்திரண்டு அத்தியாயம் எழுதிவிட்டேன். மல்லாங்கிணற்றில் நுகத்தடிகளை நட்டுக் கோல் போஸ்ட் ஆக்கியதிலிருந்து ஆரம்பம். ரயில்வேயில் கொடி காட்டுகிற சின்னச்சாமி, பாசஞ்சரை அனுப்பிவிட்டு ஓடிவந்து இரண்டாம் பாதி மட்டும் ஆடுவாரே, அதுவும் இருக்கிறது.

கடைசி அத்தியாயம் 1989 பங்குனி. இறுதி ஆட்டம். அதற்கு உன் தரப்பு வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் கையால் எழுதி அனுப்பு. புத்தகத்தை என் அப்பாவுக்குச் சமர்ப்பணம் செய்கிறேன். பதினெட்டு வருஷம் கோப்பை கொடுத்தவர். புரட்டாசியில் அவருடைய நினைவு நாளன்று வெளியீடு.

பதில் போடு. எனக்கும் அறுபத்தொன்று ஆகிறது.

செந்தூர்பாண்டி


அச்சங்குளம்
12.6.2025

அண்ணாச்சிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்குக் கோபம் இருந்த காலமெல்லாம் போய்விட்டது.

எங்கள் கம்பெனி ஆய்வுக்காக மூடிக் கிடக்கிறது. என்னைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்திருக்கிறார்கள். காது கேட்காத வாட்ச்மேன். திருடன் வந்தால் முன்னால் வந்து நின்று சொல்லிவிட்டுத்தான் திருட வேண்டும்.

என்னிடம் கேட்க இன்னும் என்ன இருக்கிறது? அன்றைக்கே ஊரைக் கூட்டி நடுவில் நிறுத்திக் கேட்டீர்கள். சொன்னேன். நம்பவில்லை. வெயில் சாய்வதற்குள் நான் ஆட்டத்தை விற்றவன் ஆகிவிட்டேன். அதற்கப்புறம் பந்தைத் தொடவில்லை.

ஜெயபாண்டி ஏழாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எப்பா, நீ மேட்ச வித்துட்டியாம்லா?" என்று கேட்டான். பள்ளி டீமில் இடம் கேட்கப் போனவனிடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "போய்ச் சாப்பிடுலே" என்றேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இப்போது திருப்பூரில் இருக்கிறான். வந்தால் போனால் நல்லாத்தான் பேசுகிறான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் எங்கேயோ அப்படியே கிடக்கிறது.

அதைப் புத்தகத்தில் வேறு ஏற்ற வேண்டுமா? இருபத்திரண்டு அத்தியாயம் போதும் அண்ணாச்சி. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

கருத்தப்பாண்டி


விருதுநகர்
20.6.2025

தம்பி கருத்தப்பாண்டிக்கு,

கால்பந்துக் கதை எழுதுகிறவன் 1989-ஐ விட்டுவிட்டால் ஊர் என்னைக் கேலி செய்யும். நீ வாயைத் திறக்காவிட்டால் ஊர் சொல்வதைத்தான் நான் எழுத முடியும். அந்தப் பக்கத்தைப் படி எடுத்து வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்:

"மைதானத்தில் பாதிப் பேர் கையில் விசில் இருக்கும். நடுவர் ஊதினாரா, வேடிக்கை பார்க்க வந்தவர் ஊதினாரா என்று வருஷா வருஷம் அடிதடி. அதனால் நம் பக்கத்து வழக்கப்படி, நேரம் முடிந்ததும் நடுவர் கொடியைத் தூக்குவார், மேற்கு மூலையில் ஒற்றை வெடி போடுவார்கள். வெடித்தால் ஆட்டம் முடிந்தது. 1989 இறுதி ஆட்டத்தில் சாத்தூர் அணியைவிட நாம் ஒரு கோல் முன்னிலை. இரண்டு, மூன்று நிமிடம்தான் பாக்கி. பந்து நம் கோல்கீப்பரின் கையில். அவர் பந்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடி வந்தார். எதிரணி ஆள் நடந்து போய்ப் பந்தை உள்ளே தட்டிவிட்டார். பிறகு பெனால்டியில் தோற்றோம். வெடிச் சத்தம் கேட்டதாகக் கோல்கீப்பர் சொன்னார். வெடி எதுவும் வெடிக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்."

இதில் பொய் ஏதாவது இருக்கிறதா? இரண்டாயிரம் பேர் நின்றார்கள். ஒருவர் காதிலும் விழாத சத்தம் உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அடுத்த மாதமே சாத்தூர் அணியை நடத்தியவரின் கம்பெனியில் நீ மேஸ்திரி. நான் வேறு என்ன நினைப்பது?

கூடவே ஒரு புத்தகம் அனுப்புகிறேன். மூலையை மடித்து வைத்திருக்கும் பக்கத்தை வாசி. 1950-இல் பிரேசில் சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றது. அந்த ஒரு கோலுக்காக அவர்களுடைய கோல்கீப்பர் சாகிறவரை பேச்சு வாங்கினார். உன்னைக் குத்திக்காட்ட இதை அனுப்பவில்லை. வாசித்தபோது உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

செந்தூர்பாண்டி


அச்சங்குளம்
9.7.2025

அண்ணாச்சிக்கு,

புத்தகத்தை வாசித்தேன். மடித்த பக்கத்தோடு நிறுத்த முடியவில்லை, கேட்டில் உட்கார்ந்து முழுசாக வாசித்துவிட்டேன். கோல் போட்டவனுக்குப் படம் இருக்கிறது, கோல்கீப்பருக்குப் பழிதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரேசில்காரர் கொடுத்துவைத்தவர். கோல் எப்படி விழுந்தது என்று அவருக்காவது தெரியும்.

"அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை உறங்கவிடவில்லை. எனக்கும் தெரியாது அண்ணாச்சி. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். முத்துப்பேச்சியிடம்கூடக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான் இதில் பாதியைச் சொன்னேன்.

எனக்கு அன்றைக்கே காது கேட்காது.

பதினேழு வயதில் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். சாம்பிள் ஒவ்வொன்றையும் கொளுத்திப் பார்க்கிற வேலை. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், வைத்தால் வெடியின் தரம் தெரியாது என்பார் மேஸ்திரி. ஒரே வருஷத்தில் இடது காது போயிற்று. 89-க்குள் வலது காதும் மங்கிவிட்டது. பந்தெடுக்கத் திரும்பும்போது பின்னாலிருந்து நீங்கள் கத்தியது ஒன்றுமே எனக்குக் கேட்டதில்லை. "எம்புட்டுக் கத்துனாலும் திரும்ப மாட்டேங்கான், திமிரப் பாரு" என்பீர்களாம். திமிரெல்லாம் இல்லை. நம் பின்வரிசை ஆட்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பந்தைப் பிடித்தேன்.

எனக்கு வெடி என்றால் புகைதான். டெஸ்டிங் திடலிலும் அப்படித்தான், மைதானத்திலும் அப்படித்தான். எல்லாரும் சத்தத்துக்குக் காத்திருப்பார்கள், நான் மேற்கு மூலையில் புகை கிளம்புகிறதா என்று பார்ப்பேன். அதற்கு முந்தைய மூன்று ஆட்டமும் அப்படித்தான் முடிந்தது. ஒருதடவையும் தப்பவில்லை.

அன்றைக்கு நான் கிழக்குக் கோலில் நின்றேன். வெயில் நேரே முகத்தில். மேற்கு மூலையில் புகையைப் பார்த்தேன். வெள்ளையாக, இடுப்பு உயரத்துக்கு. புகை வந்தால் நடுவர் கொடி தூக்கியாயிற்று என்றுதானே அர்த்தம், அதனால் கொடியைத் தேடவில்லை. பந்தைக் கீழே வைத்தேன்.

நீங்கள் எல்லார் முன்னாலும், "எதுக்குலே பந்தக் கீழ வச்ச?" என்று கேட்டீர்கள். நான் என்ன சொல்வது? எங்கள் போர்மேன் முன்வரிசையில் நிற்கிறார். செவிடன் என்று தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியே. வைகாசியில் முத்துப்பேச்சியோடு கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. செவிட்டு மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் "வெடிச் சத்தம் கேட்டுச்சு" என்றேன். "எந்தப் பக்கம்லே கேட்டுச்சு?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தது மட்டும் தெரிந்தது. அவர்கள் வாய் அசைந்ததைப் பார்த்தேன்.

மேஸ்திரி வேலையை நான் தை மாசமே போய்க் கேட்டிருந்தேன். பழைய மேஸ்திரி படுக்கையில் விழுந்ததால் பிற்பாடு கூப்பிட்டார்கள். அதை எடுத்துச் சொல்லவும் யாரும் விடவில்லை.

உங்கள் அப்பா மேற்கு மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். "இங்கன யாரும் வெடி போடலையே" என்று அவரே சொல்லிவிட்டார். அதற்குமேல் நான் யார்? இரண்டாயிரம் பேர் இல்லை என்கிறார்கள், கோப்பை கொடுக்கிறவர் இல்லை என்கிறார். வெயிலில் கண் கட்டியிருக்கும், புழுதியைப் புகை என்று நினைத்திருப்பேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி நம்பியும்விட்டேன். காது போனவன் கண்ணையாவது நம்பலாம் என்று இருந்தேன். அதுவும் அன்றோடு போயிற்று. அப்புறம் டெஸ்டிங்கில் ஒரு சாம்பிளின் முடிவை எழுதுவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒருதரம் கேட்டுக்கொள்வேன்.

செவிடன் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இனிப் பயமில்லை. புகையைப் பற்றி எழுத வேண்டாம். அது இருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

கருத்தப்பாண்டி


விருதுநகர்
2.8.2025

தம்பி கருத்தப்பாண்டிக்கு,

மூன்று வாரத்தில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் திரும்ப வாசித்தால் கிழித்துவிடுவேன், அதனால் வாசிக்காமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.

புகை இருந்தது.

நீ பார்த்தது புழுதி இல்லை. வெடிப் புகைதான். கொளுத்தியவர் என் அப்பா.

அவருடைய கைக்கடிகாரம் எப்போதும் மூன்று நிமிடம் முந்தித்தான் ஓடும். ஏலத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்று வேண்டுமென்றே திருகி வைத்திருப்பார். மண்டியில் எல்லாருக்கும் அது தெரியும். அன்றைக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் முடிந்துபோயிற்று, நடுவர் கொடி தூக்க மறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார். ஜெயித்த சந்தோஷம் வேறு. வெடி போடுகிற ஆளிடமிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கி அவரே வைத்துவிட்டார். வெடிப் பெட்டி மோர்ப் பானைக்குக் கீழே இருந்தது. பானை கசிந்து வெடி நமுத்துப்போயிருக்கிறது. புஸ்ஸென்று புகை மட்டும் வந்தது. சத்தம் இல்லை. அப்பா செருப்புக் காலால் மிதித்து அணைத்தார். கூட்டம் முழுக்கப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெடி போடுகிற ஆளோ எங்கள் மண்டியில் சம்பளம் வாங்குகிறவன், அவன் எங்கே வாய் திறப்பான்.

நான் அந்த மூலையில்தான் பந்துக்காக நின்றேன். பத்தடி தூரம். என் கண்ணால் பார்த்தேன்.

நான் உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா தெரியவில்லை. நீ "சத்தம் கேட்டுச்சு" என்றாய். சத்தம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இவன் பொய் சொல்கிறான், புகைக்கும் இவனுக்கும் சம்பந்தம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அப்படி முடிவு கட்டுவது எனக்கு வசதியாகவும் இருந்தது. உன் கடிதத்தை வாசித்த அன்றுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது.

ஆனால் ஒன்றை மறைத்துப் பயனில்லை. "இங்கன யாரும் வெடி போடலையே" என்று அப்பா சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் சாகிறவரை அப்படியே போயிற்று.

இப்போது நான் என்ன செய்வது, சொல். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய படம் இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே சிவகாசியில் அச்சும் முடிந்துவிட்டது. உள்ளதை எழுதினால் அப்பா பெயர் கெடும். அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடட்டுமா?

செந்தூர்பாண்டி


அச்சங்குளம்
8.8.2025

அண்ணாச்சிக்கு,

எடுக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் "புகை இருந்தது" என்ற வரியை முத்துப்பேச்சியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

உங்கள் அப்பா வருஷம் தவறாமல் தீபாவளிக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பும் வத்தலும் ஆள் மூலம் அனுப்புவார். ஊரே துப்பினாலும் இவர் ஒருவர் பாசத்தோடு இருக்கிறாரே என்று நான் நினைத்தேன். அவர் சாவுக்கு வந்து கூட்டத்தில் பின்னால் நின்று அழுதுவிட்டுப் போனேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் பருப்பையெல்லாம் தின்று தீர்த்தாயிற்று, இனித் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

அவர்மேல் எனக்கு அம்புட்டுக் கோபம் வரவில்லை. பயந்துவிட்டார். நானும் பயந்துதானே பொய் சொன்னேன். உங்கள்மேல்தான் கோபம். நீங்கள் பத்தடியில் நின்று பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே, எந்தப் பக்கம்லே கேட்டுச்சு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா பெயர் கெடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு அப்பா இருந்தார். மல்லாங்கிணற்றில் நாலு ஏக்கர் மானாவாரி வைத்திருந்தார். என்னைப் பற்றிய பேச்சு கிளம்பிய பிறகு டீக்கடைக்குப் போவதை விட்டார். மைதானத்து வழியே போனால் சீக்கிரம் காட்டுக்குப் போய்விடலாம். அவர் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் போவார். கடைசிவரை அப்படியே போய் வந்தார். அவர் பெயரை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?

எழுதுங்கள். யார் கொளுத்தினார், யார் பார்த்தார், யார் வாயை மூடினார், எல்லாம் பெயரோடு. நான் சொன்ன பொய்யையும் சேர்த்து எழுதுங்கள். எழுத முடியாது என்றால் எனக்கு இனிக் கடிதம் போட வேண்டாம். எனக்கு இதற்குமேல் தெம்பு இல்லை.

கருத்தப்பாண்டி


விருதுநகர்
1.9.2025

தம்பி கருத்தப்பாண்டிக்கு,

இத்துடன் அச்சடித்த தாள் ஒன்று இருக்கிறது. புத்தகம் பைண்டிங்கில் இருக்கிறது. உனக்கு முதலில் இதைக் காட்ட வேண்டும் என்று தனியாக வாங்கி வந்தேன்.

அச்சகத்தில் கையெடுத்துக் கும்பிடாத குறை. "காலண்டர் சீசன்ல மிஷினுக்கு மூச்சுவிட நேரமில்ல, இப்பப் போயி மாத்தணும்ங்கீகளே" என்று சலித்துக்கொண்டார்கள். மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். கடைசியில் இரண்டு காலண்டர் ஆர்டர்களுக்கு நடுவில் அந்த அத்தியாயம் வருகிற பதினாறு பக்கத்தையும் முதல் பக்கத்தையும் மாற்றி அடித்துக் கொடுத்தார்கள். பழைய தாள்கள் என் கண் முன்னாலேயே கட்டிங் மிஷினுக்குப் போயின.

வீட்டில் பெரிய ரகளை. என் தம்பி, "செத்தவரச் சந்தியில இழுத்துவிட்டுட்டீகளே" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், இன்றுவரை வாசலை மிதிக்கவில்லை. வெளியீட்டு விழா கிடையாது. சமர்ப்பணமும் இல்லை. அப்பாவின் படம் கடைசி அத்தியாயத்தில், கோப்பை கொடுத்தவர் என்ற பெயரோடு இருக்கிறது. அதை எடுக்க மனம் வரவில்லை. பதினெட்டு வருஷம் கொடுத்ததும் உண்மைதானே.

நான் எழுதியிருப்பதை நீயே வாசித்துக்கொள்:

"ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது மேற்கு மூலையில் ஒரு வெடி கொளுத்தப்பட்டது. நமுத்த வெடியாதலால் சத்தமின்றிப் புகை மட்டும் எழுந்தது. அவசரப்பட்டுக் கொளுத்தியவர் என் தந்தை சங்கரலிங்கம். நம் கோல்கீப்பர் கருத்தப்பாண்டிக்கு அப்போதே காது கேட்காது. வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் அதை மறைத்திருந்தார். புகையைப் பார்த்தே ஆட்டம் முடிந்ததை அறிவார். அன்றும் புகையைப் பார்த்துத்தான் பந்தைக் கீழே வைத்தார். சத்தம் கேட்டதாக அவர் சொன்னது பொய். வெடியே போடவில்லை என்று என் தந்தை சொன்னதும் பொய். இரண்டையும் கேட்டுக்கொண்டு, உண்மை தெரிந்தும் பேசாமல் நின்றவன் நான். கருத்தப்பாண்டி ஆட்டத்தை விற்கவில்லை. அந்தப் பேச்சால் மைதானத்து வழியே நடப்பதையே விட்டவர் அவருடைய தந்தை அருள்பாண்டி."

உன் அப்பா பெயரை மல்லாங்கிணற்றில் கேட்டு வாங்கினேன். தப்பு இருந்தால் சொல்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அது எனக்கே அற்பமாகத் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

செந்தூர்பாண்டி


அச்சங்குளம்
9.9.2025

அண்ணாச்சிக்கு,

தாள் வந்தது. அப்பா பெயர் சரிதான்.

ஜெயபாண்டி ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் தாளை அவன் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தான். ஒருதரம் முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து வாசித்தான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னான். முகம் தெரியாததால் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. சாயங்காலம் அவனே என்னைச் சாத்தூருக்கு வண்டியில் கூட்டிப்போய், ஒரு கால்பந்து வாங்கிக்கொண்டு வந்தான். அம்பத்தெட்டு வயதில் எனக்குக் கால்பந்து. முத்துப்பேச்சி சிரித்துச் சிரித்து அழுதாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் துள்ளுகிற சந்தோஷம் இல்லை. ரொம்ப நேரம் சுமந்த மூட்டையை இறக்கினால் முதலில் தோள் வலிதானே தெரியும், அப்படி இருக்கிறது.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பாதி இருக்கிறது. நீங்கள் வந்தால் நேரில் திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் பைண்டிங் ஆனதும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். சாத்தூரில் இறங்கி அச்சங்குளம் பஸ் ஏறுங்கள். கம்பெனி இன்னும் திறக்கவில்லை, கேட்டில்தான் இருப்பேன்.

இறங்கியதும், கோல்கீப்பர் என்பதைச் சுருக்கி "கோலி"ன்னு அந்தக் காலத்தில் கூப்பிட்ட மாதிரிப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். நான் திரும்பமாட்டேன். முன்னால் வந்து நில்லுங்கள்.

கருத்தப்பாண்டி